கான்டூர் வரைபடத்தில் புள்ளி வைப்பதும் அச்சைத் திருத்துவதும்

கண்காணிப்புக் கிணறுகளில் அளந்த நீர்மட்டங்களைக் கொண்டு, சம மதிப்புள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் கான்டூர் வரைபடம் தயாரிப்பது நெடுங்காலமாக என் அன்றாட வேலையில் ஒரு பகுதி. கோடுகளை வரைய மென்பொருளுக்கு ஒரு நொடிகூட ஆகாது. அந்தக் கோடுகளின் மேல் கிணறுகளை உரிய இடத்தில் குறிப்பதற்கும், அச்சுகளில் படிப்பவருக்குப் பயன்படும் எண்களை வரவழைப்பதற்கும்தான் பொழுது போகிறது. இந்த வேலையில் ஐயம் கேட்டு வருகிற ஆய்வு மாணவர்கள், புள்ளி நகர்ந்துவிட்டது என்றும், புள்ளியே தெரியவில்லை என்றும், படம் கவிழ்ந்து நிற்கிறது என்றும், அச்சில் 0 முதல் 1 வரை மட்டுமே வருகிறது என்றும் வெவ்வேறு குறைகளைச் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் இவற்றில் பெரும்பாலானவை ஒரே குறைதான்: கோடுகள் ஓர் ஆயத்தொலை அமைப்பில் வரையப்பட்டிருக்கும்; புள்ளிகள் வேறோர் அமைப்பில் வைக்கப்பட்டிருக்கும். நாம் எழுதும் கட்டளை எந்த அமைப்பில் பேசுகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால், மீதி வேலை பெரும்பாலும் எளிதாகிவிடுகிறது.

புள்ளிகளை ஏன் குறிக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகப் புள்ளிகளை நீக்கிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கான்டூர் படத்தில் உண்மையில் அளக்கப்பட்டவை புள்ளிகள் மட்டுமே. கோடுகள் அனைத்தும் அவற்றுக்கிடையே கணித்துப் போட்டவை. வரலாற்றிலும் புள்ளிகளே முதலில் வந்தன. புவியின் அடர்த்தியைக் கண்டறிவதற்காக 1774-இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையில் வானியலாளர் நெவில் மாஸ்கலைன் நடத்திய அளவீட்டில் மலையெங்கும் பல இடங்களின் உயரங்கள் குறிக்கப்பட்டன. கணக்கிடும் பொறுப்பை ஏற்ற கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன், தாளில் இறைந்து கிடந்த எண்களுள் சமமானவற்றை மெல்லிய கோடாக இணைத்ததைப் பற்றி 1778-இல் வெளிவந்த தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார். இன்று கோடு போடும் அந்த வேலையை இடைக்கணிப்புச் சூத்திரம் செய்கிறது. ஆனால் சூத்திரத்துக்குச் சொந்தமாக எந்தத் தகவலும் கிடையாது.

தொலைவின் தலைகீழ் எடையைக் கொண்டு (அருகிலுள்ள கிணற்றுக்குக் கூடுதல் எடை கொடுத்து) கணிக்கும் முறையில் வரைந்த ஒரு நீர்மட்டப் படத்தைப் புள்ளிகள் இல்லாமல் பார்த்தால், ஆங்காங்கே சிறு வட்டங்களாக நீர்மட்டம் மேடிட்டும் பள்ளம் விழுந்தும் இருப்பது போலத் தோன்றும். அதே படத்தில் கிணறுகளைக் குறித்தால், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் சரியாக ஒரு கிணறு உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும். அந்த வட்டங்கள் நிலத்தடியில் இல்லை, சூத்திரத்தில்தான் இருக்கின்றன என்பது அப்போதே புரியும். படத்தின் ஒரு மூலையில் கோடுகள் அடர்ந்து ஓடுவதும், அந்த மூலையில் ஒரு கிணறுகூட இல்லாமல் இருப்பதும் இதே போல வெளிப்படும். ஆகவே புள்ளிகளை அலங்காரமாக நான் கருதுவதில்லை. படத்தின் எந்தப் பகுதியை நம்பலாம் என்று சொல்லும் சான்றாகவே கருதுகிறேன்.

இனி புள்ளி நகரும் கதைக்கு வருகிறேன். புள்ளியியல் வேலைக்கான ‘ஆர்’ (R) என்ற நிரல்மொழியில் வண்ணம் நிரப்பிய கான்டூர் வரைவதற்கு ‘ஃபில்டு.கான்டூர்’ என்ற கட்டளை உண்டு. ஓர் ஆய்வு மாணவி இந்தக் கட்டளையால் வரைந்த படத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “சார், எல்லாக் கிணறும் ஏறக்குறைய சரியாத்தான் இருக்கு, ஆனா கிழக்கால இருக்கற கிணறு மட்டும் கலர் பட்டைக்குள்ள போய் விழுது. லேட், லாங் எல்லாம் மூணு தடவை செக் பண்ணிட்டேன்” என்றார். படத்தை உற்றுப் பார்த்தபோது அவர் சொன்னதைவிடக் கூடுதலாக ஒன்று தெரிந்தது. இடது ஓரத்தில் இருந்த கிணறு அதன் இடத்திலேயே இருந்தது, நடுவில் இருந்தவை சிறிது வலப்பக்கம் தள்ளியிருந்தன, வலது ஓரத்துக் கிணறோ படத்தைத் தாண்டி வண்ண விளக்கப் பட்டைக்குள் போயிருந்தது. மேல் கீழாக எதுவும் நகரவில்லை. தரவில் பிழை இருந்தால் ஒரு கிணறு மட்டும் தாறுமாறாக விழும். இப்படிச் சீராக, வலப்பக்கம் போகப் போகக் கூடிக்கொண்டே போகும் நகர்வு வந்தால், பிழை அளவுத்திட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

நடப்பது இதுதான். இந்தக் கட்டளை ஒரு படத்தை வரைவதில்லை. தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் வண்ணப்பட்டையையும் மறுபக்கத்தில் கான்டூரையும் தனித்தனிப் படங்களாக வரைகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆயத்தொலை அமைப்பு உண்டு. வேலை முடிந்ததும் அந்தப் பிரிவினையைக் கலைத்துவிட்டுத் தாளை முழுமையாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு தனி வரியில் ‘பாயின்ட்ஸ்’ கட்டளையைக் கொடுத்தால், ஆள் குடிமாறிப் போன பிறகு பழைய முகவரிக்குக் கடிதம் போட்ட கதையாகிவிடும்: கான்டூரின் அகலத்துக்கு உரிய எண்கள் முழுத்தாளின் அகலத்துக்கு இழுத்துப் பரப்பப்படும். இது பிழையும் அன்று. ஆர் மொழியின் உதவிப் பக்கத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கும் நடத்தைதான். ஆனால் எந்த எச்சரிக்கையும் வராமல் படம் வந்துவிடுவதால், நடுப்பகுதியில் மட்டுமே கிணறுகள் இருக்கும் ஒரு படத்தில் இதை யாரும் கவனிக்காமலே போகக்கூடும்.

இதற்குத் தீர்வு, கான்டூரின் அமைப்பு உயிரோடு இருக்கும்போதே புள்ளிகளை வைத்துவிடுவது. ‘பிளாட்.ஆக்சஸ்’ என்ற அளவுருவுக்குள் நெளிவு அடைப்புக்குறியிட்டு எழுதும் கட்டளைகள் எல்லாம் கான்டூர் வரையப்பட்ட உடனே, அதே அமைப்பில் செயல்படும். பெயரைப் பார்த்து அது அச்சுகளுக்கு மட்டுமே உரிய இடம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் புள்ளி, எழுத்து, ஆற்றின் போக்கைக் காட்டும் கோடு, ‘ஆட்’ என்பதை உண்மை என்று வைத்துக் கூடுதல் கான்டூர் கோடுகள் என எதை வேண்டுமானாலும் அங்கே எழுதலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அந்த அளவுருவை நாம் எடுத்துக்கொண்டால் மென்பொருள் தானாக அச்சு போடாது. ஆகவே முதலில் ‘ஆக்சிஸ்’ 1, பிறகு ‘ஆக்சிஸ்’ 2, அதன் பிறகு ‘பாயின்ட்ஸ்’ என்று மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்த மாணவியின் படத்தில் ‘பாயின்ட்ஸ்’ வரியை வெட்டி உள்ளே ஒட்டியதும் கிழக்குக் கிணறு தன் இடத்துக்குத் திரும்பியது. ஆனால் அச்சுகள் மறைந்துபோயின, அவற்றுக்காக இன்னும் இரண்டு வரிகள் எழுத வேண்டியிருந்தது.

என் சொந்த வேலைக்கு நான் பெரும்பாலும் இந்தக் கட்டளையைப் பயன்படுத்துவதில்லை. ‘இமேஜ்’ கட்டளையால் வண்ணத்தையும், அதன் மேல் ‘கான்டூர்’ கட்டளையால் கோடுகளையும், அதன் மேல் ‘பாயின்ட்ஸ்’ கட்டளையால் கிணறுகளையும் அடுக்குகிறேன். மூன்றும் ஒரே அமைப்பில் விழுவதால் ஐயத்துக்கே இடமில்லை. வண்ணப்பட்டையைத் தனியாக வரைய வேண்டியிருப்பதும், நிறப்பட்டைகளின் எல்லை கட்டம் கட்டமாகத் தெரிவதும் இதன் குறைகள். கோடுகளின் மேல் எண்களை எழுதிவிட்டால் பட்டையே தேவையில்லை என்பது என் கருத்து; நீர்மட்டப் படத்தைப் படிக்கிறவர் எண்ணைத்தான் தேடுகிறார், நிறத்தை அல்ல.

இவற்றையெல்லாம் பழகுவதற்கு ஆர் மொழியோடு சேர்ந்தே வரும் ‘வல்கேனோ’ என்ற தரவைப் போல வசதியானது வேறில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள மாங்கா ஃபாவ் எரிமலையின் உயரங்கள் அதில் இருக்கின்றன. ஆர் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான ராஸ் இஹாகா நிலவரைபடத்திலிருந்து எண்மமாக்கியது அது. மொழி பிறந்ததும் அதே ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில்தான். 10 மீட்டர் இடைவெளியில் 87 நிரைகளும் 61 நிரல்களும் கொண்ட எண் அணி. உயரம் 94 முதல் 195 மீட்டர் வரை. நடுவில் பள்ளமும் சுற்றிலும் விளிம்புமாக, இடவலம் ஒரே மாதிரி இல்லாத வடிவம் என்பதால் படம் திரும்பினாலும் கவிழ்ந்தாலும் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்தத் தரவை வேறு எதுவும் சொல்லாமல் கான்டூர் கட்டளைக்குக் கொடுத்தால் இரு அச்சுகளிலும் 0 முதல் 1 வரையே எண்கள் வரும். கிடையச்சு, குத்தச்சு மதிப்புகளை நாம் கொடுக்காதபோது மென்பொருள் தானாக அவற்றை 0-க்கும் 1-க்கும் இடையில் சமமாகப் பிரித்துக்கொள்கிறது. அந்தப் படத்தின் மேல் 300 மீட்டர், 400 மீட்டர் என்ற இடத்தில் புள்ளி வைத்தால் அது தாளுக்கு வெளியே எங்கோ விழும், படத்தில் ஒன்றும் தெரியாது. “புள்ளி வரவே மாட்டேன் என்கிறது” என்ற முறையீடுகளில் பாதிக்கு இதுவே காரணம். சிலர் அச்சின் எண்களை மட்டும் வேறு எழுத்துகளால் மூடி மீட்டர் போலக் காட்டிவிடுகிறார்கள். அச்சில் 870 என்று எழுதியிருந்தாலும் உள்ளே அந்த இடம் 1 ஆகவே இருப்பதால், அடுத்து வைக்கும் புள்ளி மறுபடியும் காணாமல் போகும். அச்சு மதிப்புகளைக் கட்டளைக்கே கொடுத்துவிடுவதுதான் முறை: கிடையச்சுக்கு 10 முதல் 870 வரை, குத்தச்சுக்கு 10 முதல் 610 வரை. பிறகு எழுத்துகளை 100, 200, 300 என்று முழு எண்களில் நிறுத்திக்கொள்ளலாம்.

திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆர் மொழி அணியின் நிரைகளைக் கிடையச்சின் வழியாகப் பரப்புகிறது. அணியைத் திரையில் அச்சிட்டால் நாம் காணும் தோற்றம் இடஞ்சுழியாக 90 பாகை திரும்பியே படத்தில் வரும். ‘ஃபில்டு.கான்டூர்’ கட்டளையின் உதவிப் பக்கத்தில் ‘வல்கேனோ’ தரவைக் கொண்டு தரப்பட்ட எடுத்துக்காட்டில் கிடையச்சுக்கு வடக்கு மீட்டர் என்றும் குத்தச்சுக்கு மேற்கு மீட்டர் என்றும் பெயர் இருப்பதைப் பார்க்கலாம், அதாவது வடக்கு வலப்பக்கம் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப் இதற்கு நேர்மாறாக நிரல்களைக் கிடையச்சிலும் நிரைகளைக் குத்தச்சிலும் வைக்கிறது. ஒன்றில் தயாரித்த அணியை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துச் சென்றால் 87-க்கு 61 என்ற அளவு பொருந்தாமல் பிழைச்செய்தி வரும், அது நல்லதுதான். நிரைகளும் நிரல்களும் சம எண்ணிக்கையில் இருக்கும் கட்டமானால் எந்தச் செய்தியும் வராது, கிழக்கு வடக்காகிவிடும், கிணறுகள் மட்டும் தம் பழைய இடத்தில் நிற்கும். இதனால் நிரைகளும் நிரல்களும் சம எண்ணிக்கையில் வரும்படி நான் கட்டம் அமைப்பதே இல்லை. 100-க்கு 100 என்று கேட்டாலும் 100-க்கு 101 என்றே வைத்துக்கொள்கிறேன்.

எந்த மென்பொருளானாலும், கிணறுகளைக் குறிக்கும் முன் ஒரு சோதனை செய்கிறேன். கட்டத்தின் மிக உயர்ந்த மதிப்பு எந்த நிரையில், எந்த நிரலில் இருக்கிறது என்று கணினியிடம் கேட்டு, அந்த எண்களை அச்சு மதிப்புகளாக மாற்றி, அங்கே ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வைப்பேன். அது மிக உள்ளே இருக்கும் கான்டூர் வளையத்துக்குள் விழுந்தால் அமைப்புகள் பொருந்துகின்றன என்று பொருள். வெளியே விழுந்தால், இடமாற்றமா, கவிழ்ப்பா, இழுப்பா என்பதை அது விழுந்த இடமே சொல்லிவிடும். தாழ்ந்த மதிப்புக்கும் இதையே செய்து பார்ப்பது நல்லது. ஒரு புள்ளி தற்செயலாகப் பொருந்தலாம், இரண்டு பொருந்துவது அரிது. சோதனைக் குறியை இறுதிப் படத்தில் நீக்கிவிட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பேன், ஆனால் சிவப்புப் பெருக்கல் குறியோடு அச்சேறிய அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன்.

மென்பொருளுக்குள் நுழையும் முன்பே அமைப்புகள் கலந்துவிடுவதும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. உலகை நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறையில் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44-ஆம் மண்டலம். அந்தக் கோடு மதுரை நகருக்குச் சற்று மேற்கே, வைகை வடிநிலத்தை வெட்டிக்கொண்டு போகிறது. தேனியில் ஜிபிஎஸ் கருவி 43-ஆம் மண்டலத்தில் ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய தொலைவு) மதிப்பை 7,70,000 மீட்டரை ஒட்டிக் காட்டும். மதுரையில் 44-ஆம் மண்டலத்தில் 1,84,000 மீட்டரை ஒட்டிக் காட்டும். மண்டல எண்ணை எழுதாமல் இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தால், தேனிக்குக் கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் இருக்க வேண்டிய மதுரை, மேற்கே ஏறத்தாழ 590 கிலோமீட்டர் தள்ளி அரபிக்கடலில் போய் விழும். இவ்வளவு பெரிய பிழையானால் யாருக்கும் தெரிந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் அச்சின் எல்லையைத் தேனிப் பகுதிக்கு மட்டும் முன்பே நிறுத்தி வைத்திருந்தால் மதுரைக் கிணறுகள் சத்தமில்லாமல் படத்திலிருந்து விடுபடும், இடைக்கணிப்பில் மட்டும் அவற்றின் மதிப்புகள் கலந்து கோடுகளை வளைத்துக்கொண்டிருக்கும். அதனால் எல்லைகளை எதுவும் சொல்லாமல் புள்ளிகளை மட்டும் முதலில் ஒரு தரம் வரைந்து பார்ப்பதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிய பட்டியலும் இந்தப் பார்வையில் சிக்கிவிடும். மதுரையின் எண்களை மாற்றிப் போட்டால் ஆர்க்டிக் பெருங்கடலில் ஸ்வால்பார்டு தீவுகளின் பக்கம் போய்ச் சேரும்.

அச்சின் எல்லையைக் குறுக்குவதில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ஆர் மொழியில் ஜிஜிபிளாட் என்ற வரைபடத் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது மிக முக்கியம். அங்கே ‘எக்ஸ்லிம்’, ‘ஒய்லிம்’ என்பவை எல்லைக்கு வெளியே உள்ள தரவைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு, மீதியை வைத்துக் கான்டூரை வரைகின்றன. எல்லை அருகே கோடுகள் அறுந்து நிற்கும். ‘கோஆர்டு கார்ட்டீசியன்’ என்பதன் உள்ளே அதே எல்லையைக் கொடுத்தால் முழுத்தரவிலும் கான்டூர் கணக்கிடப்பட்டு, பார்வை மட்டும் நெருங்கும். முன்னது தாளைக் கத்தரிப்பது, பின்னது சட்டத்தை நகர்த்துவது. நீக்கப்பட்ட நிரைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் கடந்து போகிறவர்களே அதிகம். மேட்பிளாட்லிப்பில் இதற்கு மறுதலையான ஒரு தொல்லை இருக்கிறது. கான்டூர் வரைந்ததும் அச்சுகள் கட்டத்தின் விளிம்போடு ஒட்டி நிற்கும். பிறகு புள்ளிகளை வைத்தால் அச்சுகள் தாமாக விரிந்து, படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஒன்று முளைக்கும். புள்ளிகளை வைத்து முடித்த பிறகு அச்சு எல்லைகளை மறுபடியும் கைப்பட எழுதிவிட்டால் அது போய்விடும்.

விகிதத்தைப் பற்றியும் ஒரு சொல். நிலப்படத்தில் கிடையச்சின் ஒரு கிலோமீட்டரும் குத்தச்சின் ஒரு கிலோமீட்டரும் தாளில் ஒரே நீளமாக இருந்தால்தான் நீரோட்டத் திசையைக் கான்டூருக்குச் செங்குத்தாக வரைய முடியும். ஆர் மொழியில் ‘ஆஸ்ப்’ என்பதற்கு 1 என்றும், மேட்பிளாட்லிப்பில் ‘ஈக்குவல்’ என்றும், குனூபிளாட் என்ற வரைபட மென்பொருளில் ‘செட் சைஸ் ரேஷியோ’ என்பதற்கு -1 என்றும் கொடுத்தால் இது நடக்கும். அட்சரேகை, தீர்க்கரேகையிலேயே வரைவதானால் அட்சரேகையின் கோசைன் மதிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். மதுரையின் அட்சரேகையில் அது 0.985, எனவே வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆக்லாந்தின் அட்சரேகையிலோ 0.8, அங்கே இதை விட்டுவிட்டால் வட்டமான எரிமலையும் நீள்வட்டமாகிவிடும். விகிதத்தைக் கட்டிவைத்ததும் ஆர் மொழியில் படத்தின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டைகள் தோன்றினால் மென்பொருளோடு போராட வேண்டாம். தாளின் அகலத்தையும் உயரத்தையும் கட்டத்தின் விகிதத்துக்கு ஏற்ப அமைத்துக்கொண்டால் போதும்.

நிலப்படம் அல்லாத கான்டூர்களில் அச்சைத் திருத்துவது இன்னும் நுட்பமான வேலை. ஆழம் குத்தச்சாக இருந்தால் 0 மேலே இருக்க வேண்டும். இதற்காக ஆழ மதிப்புகளையே தலைகீழாக அடுக்கிக் கொடுத்தால், அச்சு மதிப்புகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லி ஆர் மறுத்துவிடும். மதிப்புகளை ஏறுவரிசையிலேயே விட்டுவிட்டு, எல்லையை மட்டும் 50 முதல் 0 வரை என்று கவிழ்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். புள்ளிகளும் தாமாகவே சரியான ஆழத்தில் விழும். மேட்பிளாட்லிப்பில் ‘இன்வெர்ட் ஒய்ஆக்சிஸ்’ என்ற ஒரே வரி போதும்.

மடக்கை அச்சில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நீரிறைப்புச் சோதனை ஒன்றில் நேரத்தைக் கிடையச்சிலும் கிணற்றிலிருந்து தொலைவைக் குத்தச்சிலும் வைத்து, நீர்மட்டத் தாழ்வைக் கான்டூராக வரைவதாகக் கொள்வோம். நேரம் 1 நிமிடம் முதல் 1000 நிமிடம் வரை. ‘ஃபில்டு.கான்டூர்’ கட்டளைக்கு மடக்கை அச்சு தெரியாது. ஆகவே நேரத்தை 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையாக மாற்றிக் கொடுத்துவிட்டு, அச்சில் 0, 1, 2, 3 என்ற இடங்களில் 1, 10, 100, 1000 என்று எழுத வேண்டும். அதன் மேல் வைக்கும் ஒவ்வொரு புள்ளியின் நேரத்தையும் அதே போல மடக்கையாக்கியே வைக்க வேண்டும். இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு குறையைக் கட்டம் அமைக்கும்போதே கவனிக்க வேண்டும். 1 முதல் 1000 வரை சம இடைவெளியில் 50 நிரைகளை எடுத்தால் இடைவெளி 20 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். 1 முதல் 10 நிமிடம் வரையிலான பகுதிக்கு ஒரே ஒரு நிரைதான் கிடைக்கும். மடக்கை அச்சில் அந்தப் பகுதியே படத்தின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். அங்கே தெரியும் கான்டூர் கோடுகள் வெறும் நேர்கோட்டு இழுப்பு. அளவீட்டு நேரங்களைப் புள்ளிகளாகக் குறித்தால், முதல் 10 நிமிடத்தில் புள்ளிகள் நெருங்கியிருந்தும் கோடுகள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் போவது தெரியும். கட்டத்தை மடக்கையில் சம இடைவெளியாக அமைத்தால் இந்தக் குறை நீங்கும்.

புள்ளி சரியான இடத்தில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போவது அடுக்கு வரிசையால். மேட்பிளாட்லிப்பில் ‘ஸ்கேட்டர்’ வைக்கும் புள்ளிகளின் அடுக்கு எண் 1, கான்டூர் கோடுகளின் எண் 2. எனவே கட்டளையைக் கடைசியில் எழுதினாலும் கோடுகள் புள்ளிகளின் மேல் ஏறிக்கொள்ளும். ‘இஸட்ஆர்டர்’ மதிப்பை 3 அல்லது அதற்கு மேல் கொடுத்துவிட வேண்டும். முப்பரிமாணப் பரப்பை மேலிருந்து பார்க்கும்படி திருப்பிக் கான்டூர் போலக் காட்டும் வழக்கமும் உண்டு. அங்கே உயரம் 0-இல் வைத்த புள்ளி பரப்பின் அடியில் புதைந்து கிடக்கலாம், பரப்பின் உச்சத்தைவிட உயர்ந்த மதிப்பைக் கொடுத்தால்தான் மேலே வரும். குனூபிளாட்டில் நான் இந்தச் சுற்றுவழிக்கே போவதில்லை. ‘செட் டேபிள்’ கட்டளையால் கான்டூர் கோடுகளை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டு, பிறகு அந்தக் கோப்பையும் கிணறுகளையும் சாதாரண இருபரிமாணப் ‘பிளாட்’ கட்டளையில் சேர்த்து வரைந்துவிடுகிறேன். ஓர் இடத்தைக் குறிக்கும்போது அது அச்சு மதிப்பா, சட்டத்தின் விகிதமா, முழுத்தாளின் விகிதமா என்பதை ‘ஃபர்ஸ்ட்’, ‘கிராஃப்’, ‘ஸ்கிரீன்’ என்ற சொற்களால் வெளிப்படையாகச் சொல்ல முடிவதும் குனூபிளாட்டில் எனக்குப் பிடித்தது. வடக்குக் குறியும் தலைப்பும் ‘கிராஃப்’ அமைப்பில் இருக்க வேண்டும், கிணறு ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பில் இருக்க வேண்டும். எல்லையை மாற்றும்போது முன்னவை நிற்கும், பின்னது நகரும்.

குறியின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்ணப் பின்னணியில் எந்த ஒற்றை நிறமும் எங்காவது ஓரிடத்தில் கரைந்துபோகும் என்பதால், வெள்ளை விளிம்பிட்ட கறுப்பு வட்டமே எனக்கு எப்போதும் கைகொடுக்கிறது. இடைக்கணிப்பில் சேர்த்த கிணறுகளுக்கு நிரப்பிய வட்டமும், சரிபார்ப்புக்காக ஒதுக்கிய கிணறுகளுக்கு வெற்று முக்கோணமும் வைத்தால் படிப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. விளிம்பில் உள்ள புள்ளி பாதியாக வெட்டுப்பட்டால் வெட்டும் எல்லையைத் தளர்த்திக்கொள்ளலாம். ஆர் மொழியில் ‘எக்ஸ்பிடி’, மேட்பிளாட்லிப்பில் ‘கிளிப் ஆன்’ இதற்கு உரியவை.

ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுத விரும்புகிறவர்களுக்காக இன்னொன்று. பெயரைப் புள்ளியின் மேலேயே எழுதாமல் சிறிது தள்ளி எழுதும்போது, அந்த இடைவெளியை அச்சு மதிப்பில் கொடுக்காமல் எழுத்தளவில் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் படத்தை நெருக்கிப் பார்க்கும்போது பெயர் புள்ளியை விட்டு ஓடிவிடும். அடுத்தது எழுத்துருச் சிக்கல். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தும் சில வரைகருவிகளில் ‘தேனி’ என்பதில் இரட்டைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘சோழவந்தான்’ என்பது சிதறிவிடும். எழுத்துகளைக் கோக்கும் வசதி அந்த வரைகருவியில் இல்லாததே காரணம். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. ஆர் மொழியில் வழக்கமான ‘பிடிஎஃப்’ கருவியை விட்டு ‘கெய்ரோ பிடிஎஃப்’ கருவியையும், குனூபிளாட்டில் ‘பிடிஎஃப்கெய்ரோ’ அல்லது ‘பிஎன்ஜிகெய்ரோ’ முனையத்தையும் தேர்ந்தால், அவை பாங்கோ நூலகத்தைக் கொண்டு எழுத்துகளைக் கோப்பதால் பெயர்கள் சரியாக வரும். இந்தத் தேர்வைப் படம் வரையத் தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் கருவி மாறினால் எழுத்தின் அகலமும் மாறும், நெருங்கியிருக்கும் கிணறுகளின் பெயர்களை ஒன்றன் மேல் ஒன்று விழாமல் மறுபடியும் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும்.